இருவரும் இசைந்த மணமுறிவும் வழக்கறிஞர் துணையும்

கணவனும் மனைவியும் இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று இருவருமே ஒப்பிவிட்ட பிறகு, அந்த ஒப்புதலுக்கு நியாயஸ்தலத்தின் அங்கீகாரத்தைப் பெறுவதற்காக ஒரு வழக்கறிஞரை நாடத்தான் வேண்டுமா என்னும் வினா, மேலெழுந்தவாரியாகப் பார்க்குமிடத்துச் செலவைப் பற்றிய வினாவாகத் தோன்றினும், உண்மையில் அது சம்மதத்தைப் பற்றிய வினாவேயாகும். அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டாரத்தை மனத்தில் வைத்து இதனை ஆராய்வது பொருத்தமுடையது. முந்திரித் தோப்புகளும் மானாவாரிப் புன்செய்யும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியில், ஆடவர் பலர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் உழைக்கச் சென்றுவிட, மணவாழ்க்கையின் பிணக்குகள் தொலைபேசியிலேயே முற்றி, வீட்டுப் பெரியவர்கள் பேசிப் பார்த்து, ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிப் பார்த்து, அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் பேசிப் பார்த்து, எதிலும் ஒட்டாமற்போன பின்னர், ‘நல்லபடியாகத் தீர்த்துக்கொள்வோம்’ என்று இரு வீட்டாரும் ஒரு முடிவுக்கு வருவது அபூர்வமன்று. சண்டை ஓய்ந்துவிட்டது, இனி வக்கீல் எதற்கு என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. அதற்கு ஒரே சொல்லில் விடை கூறுவோர் விஷயத்தை முழுமையாகப் பார்த்தவராகார்.

நீதிமன்றத்துக்குத் தாமே செல்வது வேறு, நீதிமன்றத்துக்கே செல்லாமல் முடித்துக்கொள்வது வேறு. ஆனால் நமது கிராமங்களில் ‘வக்கீல் இல்லாமல்’ என்ற சொற்றொடரால் பெரும்பாலும் குறிக்கப்படுவது இரண்டாவதுதான் என்பதை முதற்கண் நினைவில் இருத்த வேண்டும். அதன் வடிவம் பலருக்கும் பழக்கமானது. ஒரு முத்திரைத்தாள், அதன் மேற்பகுதியில் தேதியும், இரு தரப்பாரின் பெயரும், தகப்பனார் பெயரும், கதவிலக்கமும், அதன்கீழ், இன்று முதல் ஒருவர் மீது மற்றவருக்கு எவ்விதப் பாத்தியதையும் கிடையாது, அவரவர் இஷ்டப்படி மறுமணம் செய்துகொள்ளலாம், போட்ட நகையும் கொடுத்த சீரும் பெற்றுக்கொள்ளப்பட்டுவிட்டன என்னும் கருத்தமைந்த பத்துப் பன்னிரண்டு வரிகள், அடியில் இருவர் கையொப்பம், இரண்டு மூன்று சாட்சிகளின் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ, ஓரத்தில் நோட்டரியின் சிவப்பு முத்திரை. இதனை ‘விடுதலைப் பத்திரம்’ என்று சொல்லிப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேறு மணமும் செய்துகொண்டு, பல்லாண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆலையில் வேலை பார்த்தவர் இறந்து, வருங்கால வைப்பு நிதியும் குடும்ப ஓய்வூதியமும் யாருக்கு என்ற வினா எழும் நாளிலேதான் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்பது வெளிப்படுகிறது.

இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, சாதி வழக்காற்றின்படி நடைபெறும் மணமுறிவைக் காப்பாற்றுகிறது என்பது மெய்யே. ஆனால் அத்தகைய வழக்காறு தொன்மையானது, இடையறாது பின்பற்றப்படுவது என்பதை உரியவர்கள் எடுத்துக்கூறி நிரூபித்தாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002-இல் தெளிவுபடுத்தியுள்ளது; முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்ட மாத்திரத்தில் வழக்காறு பிறந்துவிடாது. விவாகப் பத்திரத்தையும் விவாகரத்துப் பத்திரத்தையும் நோட்டரிகள் எழுதித்தரலாகாது என்று மத்தியச் சட்ட அமைச்சகமே 2024-இல் நினைவூட்டியிருக்கிறது. அந்தத் தாளை நம்பிச் செய்யும் மறுமணம் சட்டத்தின் கண்ணில் செல்லாத மணம். இருதார மணக் குற்றத்துக்கும் அது இடங்கொடுக்கும். அதில் பெரிதும் துன்புறுபவர், ஒரு குற்றமும் அறியாமல் அந்த வீட்டுக்கு இரண்டாவதாக வாழ வந்த பெண்ணே என்பதனால்தான் இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டியதாயிற்று.

இனி, சட்டம் வகுத்த வழியைப் பார்ப்போம். மணமுறிவு உரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு அவ்வுரிமை வேண்டுமெனத் தீர்மானித்த காலத்தில், அது பலருக்கு அதர்மமாகவே பட்டது. இருபதாண்டுகள் கழித்து, 1949-இல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவை அனுமதிக்கும் சட்டமொன்றை இயற்றியது. 1955-இன் இந்து திருமணச் சட்டம் அதற்குப் பதிலாக நாடு முழுமைக்கும் பொதுவிதி செய்தது. அச்சட்டமும் முதலில் ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கினாலன்றிப் பிரிவுக்கு வழிவிடவில்லை. எவர் மீதும் பழி சுமத்தாமல் இருவரும் சேர்ந்தே மனுச் செய்யலாம் என்னும் 13-பி பிரிவு 1976-இல்தான் சேர்க்கப்பட்டது. வழக்கறிஞர் இன்றி வழக்கை நடத்தலாமா என்று நாம் கேட்பதற்கே இடமளித்தது அந்தத் திருத்தம்; குற்றச்சாட்டும் குறுக்கு விசாரணையும் உள்ள வழக்கில் அவ்வினாவை எழுப்புவதே வீண்.

அப்பிரிவு கேட்பவை மூன்று: ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருத்தல், சேர்ந்து வாழ இயலாதிருத்தல், மணத்தை முறித்துக்கொள்ள இருவரும் உடன்பட்டிருத்தல். பிரிந்து வாழ்தல் என்பது வெவ்வேறு ஊரில் இருப்பதன்று, கணவன் மனைவியாக வாழாதிருப்பதே என்று உச்சநீதிமன்றம் 1991-இல் விளக்கியது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் பிரிந்து வாழலாம், வெளிநாட்டில் இருந்தும் பிரியாமல் வாழலாம். மனு கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு முன்னராகாமலும் பதினெட்டு மாதங்களுக்குப் பின்னராகாமலும் இருவரும் மறுபடியும் வந்து, தங்கள் முடிவு மாறவில்லை என்று கூற வேண்டும். ஏற்கெனவே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, சமரச முயற்சியும் பலிக்காமல், ஜீவனாம்சம், குழந்தை முதலிய யாவும் தீர்ந்திருக்குமானால், அந்த ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்பது 2017 செப்டம்பர் 12-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு. இந்தத் தள்ளுபடிக்குத் தனி மனு வேண்டும் என்பது தாமே வழக்கு நடத்துவோர் பலர் அறியாத விஷயம்.

இந்த மனுவை மாவட்ட முன்சீப் நீதிமன்றம் ஏற்பதில்லை; குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அதுவும், இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றமுமே விசாரிக்கும். ஆகையால் செந்துறை வட்டத்தார் அரியலூருக்குப் போய்வர வேண்டும். மணம் நடந்த இடமோ, இருவரும் கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த இடமோ அந்நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தால் போதும். நீதிமன்றக் கட்டணம் சொற்பம். திருமணப் பதிவுச் சான்று, அழைப்பிதழ், மணக்கோலப் புகைப்படம், இருவரின் ஆதார், மனுவை உறுதிப்படுத்தும் பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். 2009-இல் தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமாக்கப்பட்டிருந்தும், கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டவர்கள் இன்னும் உண்டு. அவர்களுக்கு அழைப்பிதழும் படமுமே துணை. மனுவைத் தமிழிலேயே எழுதித் தரலாம். கீழ்நிலை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்து அரை நூற்றாண்டு ஆகிறது.

வழக்கறிஞர் இல்லாதவரை உண்மையில் தடுக்கி விழச் செய்வது நீதிபதியின் மேடையன்று, மனுவைப் பெற்றுக்கொள்ளும் பிரிவே. வரிசை எண் விட்டுப்போயிற்று, எந்த வட்டத்து எல்லையென்று குறிப்பிடவில்லை, பிரமாணப் பத்திரத்தில் உறுதிமொழி வாசகம் இல்லை, நகலில் கையொப்பம் இல்லை என்று குறை சுட்டி மனுவைத் திருப்பித் தருவார்கள். இதற்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர். குமாஸ்தா ஒருவர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடும் குறைக்காகச் சாதாரண மனிதர் பலமுறை பேருந்து ஏறுகிறார். மனு எண்ணிடப்பட்டுவிட்டால் பிறகு வரும் விசாரணையோ சுருக்கமானது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இருவரும் முன்னே சென்று நிற்க, மணம் எப்போது நடந்தது, எந்நாளிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள், குழந்தை உண்டா, யாரிடம் வளர்கிறது, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, ஜீவனாம்சம் வேண்டாமென்பது உங்கள் சொந்த விருப்பந்தானா என்று சில கேள்விகள், பதில் பதிவாகும், சான்றாவணங்களுக்கு எண் இடப்படும், அவ்வளவே. சட்டம் அறியாத எவரும் இக்கேள்விகளுக்கு உண்மையைக் கொண்டே பதிலளித்துவிட முடியும்.

தாமே ஆஜராகும் உரிமை குறித்து ஐயத்துக்கு இடமில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் தரப்பினர் நேரில் தோன்றுவதை முதலாவதாகவே சொல்லுகிறது. 1984-இன் குடும்ப நீதிமன்றச் சட்டமோ அதற்கும் மேலே சென்று, வழக்கறிஞர் மூலம் வாதாடுவதை எவரும் உரிமையாகக் கோர முடியாது என்று 13-ஆம் பிரிவில் விதித்தது. குடும்பத்தின் துயரத்தை எதிரெதிர் வாதமாக்காமல், நீதிபதி தம் முன் நிற்கும் இருவரோடும் நேரே பேசித் தீர்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயர்ந்த நோக்கம். நடைமுறையில் நீதிமன்றங்கள் வழக்கறிஞரைத் தாராளமாக அனுமதிக்கின்றன. ஆயினும், வக்கீல் இன்றி வந்தவரை விதிவிலக்கானவர் போல நடத்துவது அந்தச் சட்டத்தின் ஆன்மாவுக்கு விரோதமானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வழக்கறிஞர் துணை வேண்டா என்பாரின் வாதத்தில் பணம் மட்டுமல்ல, மன அமைதியும் அடங்கியிருக்கிறது. சமாதானமாகப் பிரிய வந்த இருவர், எழுத்தில் ஏறிய சில கடுஞ்சொற்களால் மீண்டும் பகையாவதைக் கண்டு அஞ்சுவோர் இருக்கிறார்கள்; தம் அந்தரங்கத்தை மூன்றாம் மனிதரிடம் சொல்லக் கூசுவோரும் இருக்கிறார்கள். மணமாகி ஓரிரு ஆண்டில் பிரிந்த, குழந்தையில்லாத, இருவருமே சம்பாதிக்கின்ற, கூட்டாக நிலமோ வீடோ கடனோ இல்லாத, காவல் நிலையத்தில் எவ்விதப் புகாரும் தராத தம்பதியர், படித்துப் புரிந்து கையொப்பமிடும் திறனுடையவராயின், தாமே மனு எழுதித் தாமே நின்று முடித்துக்கொள்வதில் ஆபத்து ஏதும் இருப்பதாக நான் கருதவில்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சம்மதம் வற்புறுத்தலாலோ மோசடியாலோ தகாத செல்வாக்காலோ பெறப்பட்டதன்று என்பதில் நீதிபதி திருப்தியடைய வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆனால் நீதிபதி காண்பது எதிரே நிற்கும் இரண்டு முகங்களையும் ஒரு காகிதத்தையுமே. தாய்வீட்டில் இரண்டாண்டாக அண்ணன் அண்ணியின் முகம் பார்த்துக்கொண்டிருக்கும் பெண், ‘எப்படியாவது முடிந்தால் போதும், ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லும்போது, அது சம்மதமா, களைப்பா என்பதை நான்கு கேள்விகளில் எவரால் அளந்துவிட முடியும்? அவளுக்காகப் பேசும் பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் கௌரவம் பெரிது. எதிர்த் தரப்பாருக்குச் சேமிப்பு பெரிது. போட்ட நகை பதினைந்து பவுன் என்றால் அதில் எத்தனை திரும்பியது, எத்தனை அடகில் இருக்கிறது, அடகுச் சீட்டு யாரிடம், பீரோவும் கட்டிலும் பாத்திரங்களும் எப்போது வரும் என்பதையெல்லாம் மனுவில் எழுதாமல், ‘யாவும் பைசல் செய்யப்பட்டது’ என்று ஒரே வரியில் எழுதிக் கையொப்பம் வாங்குவதுதான் தீங்கின் ஊற்று. மணத்தின்போது தந்த பொருள்களைப் பற்றி ஆணையிட 27-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. பட்டியல் இல்லாத இடத்தில் அந்த அதிகாரம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

ஜீவனாம்சத்திலும் இவ்வாறே. ஒருமுறை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டால் கதவு என்றென்றைக்கும் அடைபட்டுவிட்டது என்று பெண்ணும் நினைக்கிறாள், கணவனும் நினைக்கிறான். இருவர் நினைப்பும் முழுதும் சரியன்று. 25-ஆம் பிரிவு தீர்ப்பின் போதும் பிற்பாடும் நிரந்தர ஜீவனாம்சம் கோர இடமளிக்கிறது. பரஸ்பர சம்மதத்தால் மணமுறிவு பெற்றவள் என்பதனாலேயே, முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலும் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலும் உள்ள பராமரிப்பு உரிமையை அவள் இழந்துவிடுவதில்லை என்பது உச்சநீதிமன்றத்தின் 1995 தீர்ப்பு. குழந்தையின் பராமரிப்பைத் தாயும் தந்தையும் பேரம் பேசி விட்டுக்கொடுக்க முடியாது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஆகவே கணவன் தரப்புக்கும், தெளிவில்லாமல் எழுதப்பட்ட உடன்படிக்கை பாதுகாப்பளிப்பதன்று. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்தவர், அத்தொகை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று குறிப்பிடாதிருந்தால், பின்னொரு நாள் மீண்டும் நீதிமன்றப் படியேற நேரலாம்.

நிலமும் வழக்கும் இருக்குமிடத்தில் தனித்துச் செல்வது துணிச்சலாகாது, பிழையாகும். மனைவிக்கு ஓர் ஏக்கர் முந்திரித் தோப்பு விடப்படுகிறதென்றால் அது பதிவு செய்த பத்திரத்தினாலன்றி மாறாது. தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா இம்மூன்றையும் பாராமல் ஒப்புக்கொள்வது வீண். முத்திரைத் தீர்வையில் குடும்ப உறவினருக்குக் கிடைக்கும் சலுகை கணவன் மனைவி என்ற உறவைச் சார்ந்தது. தீர்ப்பு ஆன பின் அந்த உறவு இல்லை. வரதட்சணைக் கொடுமைப் புகார் நிலுவையில் இருந்தாலோ, தரப்பினர் ராசியாகிவிட்டோம் என்று சொல்லுவதனால் மாத்திரம் அது முடிவதில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகி ரத்துச் செய்ய வேண்டும். மணமுறிவு முதலில் ஆகிவிட்டு வழக்கு நீங்காவிட்டால் கணவன் தவிக்கிறான். வழக்கு முதலில் நீங்கிவிட்டுப் பணம் வராவிட்டால் மனைவி ஏமாறுகிறாள். எது முன், எது பின், எத்தொகை எந்த நாளில் என்று கோத்துத் தருவதே இங்கு வழக்கறிஞரின் மெய்யான தொழில்; மேடையில் பேசும் பேச்சன்று.

கணவன் வெளிநாட்டில் இருப்பது இவ்வட்டாரத்தின் பிரத்தியேகமான இடர். முதல் நாள் வந்து கையொப்பமிட்டுவிட்டு விமானம் ஏறியவர், இரண்டாம் முறை வர விடுப்புக் கிடைக்காமற்போனால், பதினெட்டு மாதம் என்னும் எல்லை நெருங்குகிறது. இடையில் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தீர்ப்பு வரும் கணம் வரை சம்மதம் நிலைத்திருக்க வேண்டும் என்பதும் மேற்சொன்ன 1991 தீர்ப்பே. காணொலி வழியாகவும், நேரில் வர இயலாதவருக்காகப் பெற்றோர் அல்லது உடன்பிறந்தார் மூலமாகவும் விசாரிக்கலாம் என்று 2017 தீர்ப்பு அனுமதித்திருக்கிறது. அந்த அனுமதியைக் கேட்டு மனுப் போட ஆளில்லாமல் காலத்தைக் கடத்திவிடுவது வருந்தத்தக்கது.

பிற தேசங்கள் இதனை எவ்வாறு கையாள்கின்றன என்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம். இலங்கையில் 1952-இன் கண்டிய விவாகச் சட்டப்படி, இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரே மணமுறிவு வழங்குகிறார், நீதிமன்றமே தேவையில்லை. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் குற்றங்கூறாமல் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வழியுண்டு. நம்மவர் பலர் உழைக்கும் சிங்கப்பூரிலும் பரஸ்பர உடன்பாட்டு மணமுறிவு 2024 ஜூலை முதல் ஏற்கப்படுகிறது. பாதையை எளிதாக்கலாம் என்பதற்கு இவை சான்று. கணவனையன்றிக் கையில் காசில்லாத பெண்கள் பெருந்தொகையினராக இருக்கும் நமது சமூகத்தில், நீதிபதியின் கேள்விகளை அகற்றிவிடுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். நம்முடைய சட்டத்துக்குள்ளேயும் பாதை ஒன்றாக இல்லை: கிறிஸ்தவர்களுக்கு 2001-இல் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவு இரண்டாண்டுப் பிரிவைக் கேட்கிறது, மணமுறிவைத் தானே கோரும் முஸ்லிம் பெண்ணின் ‘குலா’ உரிமையை அங்கீகரித்த சென்னை உயர்நீதிமன்றம், தனியார் ஷரீஅத் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று 2023-இல் கூறிற்று.

வக்கீல் வைத்தல், வைக்காமை என்னும் இரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு வழக்கம் நடைமுறையில் உண்டு. அது கூட்டு மனுவுக்கு ஒரே வக்கீல். பெரும்பாலும் அவர் கணவன் தரப்பு அழைத்து வந்தவர். அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆனால் எதிரெதிர் நலனுடைய இருவருக்கு ஒருவரே ஆலோசனை கூறுவது எவ்வளவு தூரம் இயலும்? இந்நிலையில் பெண்ணுக்கு வக்கீல் இல்லை என்பதே உண்மை. வக்கீல் இருப்பதாக அவள் நம்புவதனால் அந்த நிலை இன்னும் மோசமாகிறது. அதற்கு மாற்று, செலவே இல்லாமல் கிடைக்கிறது. 1987-இன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானம் எவ்வளவு இருப்பினும், பெண் என்ற ஒரே காரணத்தால் இலவசச் சட்ட உதவிக்கு உரியவளாக்குகிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அவ்வுரிமை உண்டு. அரியலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தாலோ, 15100 என்னும் எண்ணை அழைத்தாலோ போதும். வழக்கை நடத்தித் தருமாறு கேட்க வேண்டும் என்பதுகூட இல்லை. கையொப்பமிடுவதற்கு முன் உடன்படிக்கையை ஒருமுறை படித்துப் பார்த்து, எதை இழக்கிறேன் என்று சொல்லுங்கள் என்று கேட்கலாம். தாமே நீதிமன்றத்தில் நிற்க விரும்புவோருக்கும் நான் வற்புறுத்திக் கூறுவது இந்த ஒன்றையே: நிற்பதற்கு வக்கீல் வேண்டாம், எழுதுவதற்கு முன் ஒருவர் வேண்டும், அவர் உங்களுக்கு மட்டும் உரியவராக இருத்தல் வேண்டும்.

தீர்ப்புக் கிடைத்த பின்பும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. தாமே வழக்கு நடத்தியோர் பலமுறை தவறவிடுவதும் அதுவே. தீர்ப்பு சொல்லப்பட்டதைக் காதால் கேட்டுவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கவும், கடவுச்சீட்டைத் திருத்தவும், வைப்பு நிதியில் வாரிசு நியமனத்தை மாற்றவும், மறுமணத்தைப் பதிவு செய்யவும் கேட்கப்படுவது தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல். எந்த நீதிமன்றமாயினும், இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி தரப்பினர் ஒவ்வொருவருக்கும் தீர்ப்பாணையின் நகல் இலவசம். கணவன் ஒரு நகலும் மனைவி ஒரு நகலும் தனித்தனியே வாங்கித் தத்தம் வீட்டில் வைத்துக்கொள்ளுதல் நலம். ஒரே நகலை எதிர்த் தரப்பிடம் விட்டுவிட்டு, பின்னர் அதற்காகப் பழைய வீட்டு வாசலில் போய் நிற்கும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வரலாகாது.